மஞ்சளாகிப்போன குப்பி

“யார் மேலயும் கத்தி வைக்காதீங்க. தியேட்டரை நிறுத்துங்க.”

கீழ்த்தளத்திலிருந்து மேலே ஆபரேஷன் தியேட்டருக்குப் போகும் அந்தத் தொலைபேசியில் அதுவரை இரண்டே பேச்சுதான் போயிருக்கிறது. ஒன்று ‘அனுப்பறோம்’, இன்னொன்று ‘அனுப்பிட்டோம்’. மூன்று வருஷத்துக்கு முன்னால் அவள் வேலையில் சேர்ந்த அன்று, அதே மருத்துவமனையில் தரை துடைக்கிற அவள் அம்மா அவளைப் படிக்கட்டு ஓரமாக இழுத்து நிறுத்திச் சொன்னாள்: “உன் நாக்கு எட்டு முழம். அதை வீட்டுலயே சுருட்டி வெச்சுட்டு வா. மேல இருக்கறவங்க எதைக் கேட்டாலும் குடு. நிறுத்துங்கன்னு மட்டும் உன் வாயிலேர்ந்து வரவே கூடாது, ஆமா.”

மூன்று வருஷம் வரவில்லை. புதன்கிழமை காலை ஏழே காலுக்கு வந்துவிட்டது.

மேலே போனை எடுத்த நர்ஸுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. “யாரு, நீராவியா? காலங்காத்தால என்னடி கூத்து இது? பேஷன்ட் டேபிள்ல படுத்தாச்சு. மயக்கம் குடுக்கப் போறாங்க.”

“குடுக்க வேணாம்னு சொல்லுங்க. குப்பி மஞ்சளாயிடுச்சு.”

“எந்தக் குப்பி?”

அதுதான் சங்கதி. அந்தக் குப்பியைப் பற்றி மேலே யாருக்கும் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டிய அவசியம் வந்ததில்லை.

நீராவி என்பது மேலே இருப்பவர்கள் அவளுக்கு வைத்த பெயர். ஜன்னல் இல்லாத கீழ்த்தளத்து அறையில், ஆள் உயர நீராவி மெஷினுக்குப் பக்கத்தில் நாள் முழுக்க நிற்கிறவளுக்கு வேறு என்ன பெயர் வைப்பார்கள்? சுவரில் இரண்டு குட்டி லிஃப்ட்கள். ஒன்றில் ரத்தத்தோடு கத்தரியும் இடுக்கியும் இறங்கி வரும். அவள் கழுவி, எண்ணெய் விட்டு, துணியில் மூட்டையாகக் கட்டி, மெஷினில் வேக வைத்து இன்னொன்றில் மேலே அனுப்புவாள். மணி அடிக்கும். கதவைத் திறந்தால் ஆள் இருக்காது, தட்டுதான் இருக்கும். அவள் கட்டிய மூட்டைகள் எத்தனையோ வயிற்றைத் திறந்து மூடியிருக்கின்றன. ஒரு வயிற்றையும் அவள் கண்ணால் பார்த்ததில்லை. சில நாள் காலையில் வணக்கம் சொன்ன பிறகு சாயங்காலம் வரை அவள் தொண்டைக்கு வேலையே இருக்காது.

வீட்டில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியவள் அவள்தான். நுண்ணுயிரியல். “பூச்சி பூச்சியாப் படிச்சுட்டு, கடைசில பாத்திரம் தேய்க்கத்தான் போனியா?” என்று சித்தப்பா ஒவ்வொரு கல்யாணத்திலும் கேட்பார். அவள் ஒவ்வொரு கல்யாணத்திலும் அவருக்குப் பதில் சொல்லி அம்மாவிடம் கிள்ளு வாங்குவாள்.

குப்பி விஷயம் இதுதான். விரல் அளவு குப்பி. உள்ளே ஊதா நிறத் தண்ணீர், அதோடு லேசில் சாகாத கிருமி. வாரம் ஒருமுறை அதையும் மூட்டைகளோடு மெஷினுக்குள் வைத்து எடுத்து, ஒரு பகல் ஒரு ராத்திரி கதகதப்பான பெட்டிக்குள் வைக்க வேண்டும். கிருமி செத்திருந்தால் தண்ணீர் ஊதாவாகவே இருக்கும். ஒன்றே ஒன்று பிழைத்திருந்தாலும் பெருகி மஞ்சளாக்கிவிடும். மஞ்சள் என்றால் உள்ளே போனவை வேகவில்லை என்று அர்த்தம். பார்க்கச் சுத்தமாக, சூடாக, மடிப்புக் கலையாமல் இருக்கும். ஆனால் வேகவில்லை.

இருபது வருஷமாக அந்தச் சோதனையைச் செய்தது கீழ்த்தளத்துக்குப் பொறுப்பான பெரிய சிஸ்டர். செவ்வாய்க்கிழமை காலை முதல் வேலையாக, காலி மெஷினில், மேல் தட்டின் நடுவில் குப்பியைத் தனியாக உட்கார வைப்பார். அந்தச் செவ்வாய் அவர் லீவு. குப்பி அவள் கைக்கு வந்தது. மெஷினுக்குப் பின்னால் கயிற்றில் தொங்கிய கையேட்டை எடுத்துப் படித்தாள். பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. அதைப் பிரித்த முதல் ஆள் அவளாகத்தான் இருக்க வேண்டும். மெஷினை முழுக்க நிரப்பு, குப்பியைக் கீழ்த்தட்டில் தண்ணீர் வடியும் வாய்க்கு மேலே வை, நீராவி கடைசியாகப் போய்ச் சேரும் இடம் அதுதான் என்று போட்டிருந்தது. அன்றைய இரண்டாவது லோடில் அப்படியே வைத்தாள். அவள் செய்தது அவ்வளவுதான்.

தொலைபேசியில் குரல் மாறியது. “சர்ஜன் பேசறேன். ரெண்டு வார்த்தைல சொல்லு.”

“நேத்து ரெண்டாவது லோடு வேகலை சார். இப்ப உங்க டேபிள்ல இருக்கறதும் அதே மாதிரி அடைச்சு வெச்சதுதான்.”

“நிச்சயமாத் தெரியுமா?”

“நான் வேணா பொய் சொல்லுவேன். குப்பி சொல்லாது சார்.”

பிறகு அவர் போனைத் தள்ளிப் பிடித்து, “பேஷன்டை வார்டுக்குக் கூட்டிட்டுப் போங்க” என்று சொன்னது கேட்டது. அவள் மூட்டைகள் மேலேயே உட்கார்ந்துவிட்டாள்.

“பதினாறு வருஷத்துல கீழேயிருந்து யாரும் என்னை நிறுத்தச் சொன்னதில்லை” என்றார் சர்ஜன்.

“கீழேயிருந்து யாரும் பேசினதே இல்லை சார்.”

போனை வைத்துவிட்டார்.

எட்டரைக்கு லீவில் இருந்த பெரிய சிஸ்டர் முகத்தைக்கூடச் சரியாகக் கழுவாமல் வந்து நின்றார். குப்பியைப் பார்த்தார். அவளைப் பார்த்தார்.

“எங்க வெச்சே இதை?”

“கீழ்த்தட்டுல, சிஸ்டர். முழு லோடு.”

“யாரு உன்னை அங்க வைக்கச் சொன்னது?”

“கையேடு.”

“கையேடா இங்க மெஷினை ஓட்டுது? நாலு எழுத்துப் படிச்சா போதுமே, தலை கழுத்துல நிக்காதே! எங்க வைக்கணும்னு நான் காட்டலை உனக்கு?”

“நீங்க வெக்கற இடத்துல வெச்சா எந்தக் குப்பியும் பாஸாயிடும் சிஸ்டர். கேள்வித்தாளைக் கையில குடுத்துட்டுப் பரீட்சை வெக்கற மாதிரி.”

பெரிய சிஸ்டர் கையை ஓங்கவில்லை. ஓங்கியிருந்தால் பரவாயில்லை என்று அவளுக்கே தோன்றியது. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, தன் உள்ளங்கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஏழு வருஷத்துக்கு முன்னால் மேலே புதுத் தியேட்டர் கட்டினார்கள். தானாகத் திறக்கும் கண்ணாடிக் கதவு, நிழலே விழாத விளக்கு, கையை நீட்டினால் தண்ணீர். நாளைக்கு நாலு ஆபரேஷன் நடந்த இடத்தில் ஒன்பது நடந்தது. நாடே மாறிவிட்டதாக ரிப்பன் வெட்டினவர் பேசினார். கீழே மெஷின் மட்டும் அதே பழைய மெஷின். ஒன்பதுக்கு வேண்டிய மூட்டைகளை நாலுக்கான வயிற்றில் திணிப்பது என்றால், இடித்துப் பிடித்துத்தான் திணிக்க வேண்டும். நீராவி உள்ளே நுழைய விரல் அளவு இடம்கூட இருக்காது. இது யாருடைய கெட்ட எண்ணமும் இல்லை. மணி அடிக்கும், மூட்டை போயாக வேண்டும், அவ்வளவுதான்.

இரண்டு பேருமாக மெஷினை வழக்கம்போல அடைத்து, இரண்டு குப்பிகள் வைத்தார்கள். மேல் தட்டில் பெரிய சிஸ்டர் ஒன்று. கீழ்த்தட்டில் அவள் ஒன்று. வியாழக்கிழமை காலை பெட்டியைத் திறந்தபோது மேலே வைத்தது ஊதா. கீழே வைத்தது மஞ்சள்.

பெரிய சிஸ்டர் ஊதாவை மட்டும் எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். “பாஸ். இதை ரெஜிஸ்டர்ல எழுது.”

“இன்னொண்ணு?”

“அதைக் கொட்டிடு.”

“சிஸ்டர்.”

“இருபது வருஷம்டி.” ஊதாக் குப்பியைப் பெட்டிமேல் வைத்தார். “இருபது வருஷம் நான் மேலதான் வெச்சிருக்கேன். அது தப்புன்னா என்ன அர்த்தம்னு உனக்குப் புரியுதா? ராத்திரி நான் கண்ணை மூடணுமா வேண்டாமா?”

அவளுக்குப் புரிந்தது. அதனால்தான் கோபம் இன்னும் கூடியது. மஞ்சள் குப்பியை அவள் கொட்டவில்லை, ரெஜிஸ்டரிலும் எழுதவில்லை. கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள்.

சர்ஜனை ஒன்றும் குறை சொல்ல முடியாது. அன்று காலையே அவர் கீழே வந்தார். அந்த அறைக்கு அவர் வந்தது அதுதான் முதல் தடவை. வெக்கை தாங்காமல் கழுத்துப் பட்டனைக் கழற்றிக்கொண்டே இரண்டு குப்பிகளையும் பார்த்தார். இனி பாதி லோடுதான், ஆபரேஷனும் பாதிதான், புது மெஷினுக்கு எழுதிப் போடுகிறேன் என்றார். பெரிய சிஸ்டர் தலையாட்டினார்.

“நாளைக்குச் சரி சார்” என்றாள் அவள். “முந்தாநாள்?”

“முந்தாநாள் என்ன?”

“அந்த ரெண்டாவது லோடுலேர்ந்து ஆறு பேருக்கு ஆபரேஷன் நடந்திருக்கு. ஆறு பேரும் வார்டுல படுத்திருக்காங்க. அவங்ககிட்ட யாரு சொல்றது?”

“மருந்தை மாத்தி எழுதிட்டேன். பலமான மருந்துதான். பெரும்பாலும் ஒண்ணும் ஆகாது. சொல்லிப் பயமுறுத்தி என்ன ஆகப்போகுது?”

“வீட்டுக்குப் போன பிறகு புண்ணு சீழ் வெச்சா?”

“வருவாங்க. பாப்போம்.”

“வந்தா வாசல்லயே என்ன கேப்பாங்க தெரியுமா சார்? தண்ணி பட்டுச்சான்னு கேப்பாங்க.”

சர்ஜன் அவளை ஒருமுறை உற்றுப் பார்த்துவிட்டு மேலே போய்விட்டார். வெள்ளிக்கிழமை பத்து மணிக்குக் கண்காணிப்பாளர் அறைக்கு வரச்சொல்லி ஒரு தாள் வந்தது. ஆறு பேரும் வீட்டுக்குப் போவதும் அதே வெள்ளிக்கிழமை, பதினோரு மணிக்கு.

அன்று சாப்பாட்டு நேரத்தில் அம்மா படிக்கட்டுக்கு அடியில், அழுக்குத் துணி வண்டிகளுக்குப் பக்கத்தில் டப்பாவைத் திறந்து வைத்துக் காத்திருந்தாள். சங்கதி அதற்குள் கட்டடம் முழுக்கப் போய்விட்டது.

“தியேட்டரை நிறுத்தினே, சரி. உன் பிடிவாதம் ஜெயிச்சுடுச்சு. நாளைக்கு என்ன நீட்டினாலும் கையெழுத்துப் போட்டுட்டு வாயை மூடிட்டு வந்துடு.”

“எல்லாத்தையும் பூசி மெழுகச் சொல்றியா?”

“பொழைக்கச் சொல்றேன்.”

அவள் சாப்பிடவில்லை. அம்மாவின் புடவை மறைத்திருந்த வயிற்றையே பார்த்தாள். ஐந்து வருஷத்துக்கு முன்னால் இதே மேல் மாடியில் அம்மாவுக்குக் கர்ப்பப்பை எடுத்தார்கள். தையல் போட்ட இடம் மூன்று மாதம் ஆறவில்லை, கசிந்துகொண்டே இருந்தது. வரும்போதெல்லாம், “தண்ணி பட்டுச்சா?” என்று கேட்டார்கள். வீட்டில் அப்பா, “நாலு நாள் குளிக்காம இருக்க உனக்கு வலிக்குதா?” என்று மூன்று மாதமும் கரித்துக் கொட்டினார். அம்மா எல்லோரிடமும், ஆமாம், பட்டுடுச்சு, என் தப்புதான் என்றே சொன்னாள்.

“அம்மா, அன்னைக்கு நிஜமாவே தண்ணி பட்டுச்சா?”

“என்னைக்கு?”

“உனக்குத் தெரியும் என்னைக்குன்னு.”

“அதான் பட்டுச்சுன்னு சொன்னேனே.”

“சொன்னே. பட்டுச்சா?”

அம்மா டப்பாவின் ஓரத்தை வழித்தாள். வழிக்க அதில் ஒன்றும் இல்லை. “பட்டிருக்கும். இல்லாட்டி ஏன் கேக்கப்போறாங்க?”

“மெஷின் அப்பவும் இப்படித்தான் அடைச்சு ஓடிச்சு. அதனாலயும் இருக்கலாம்மா.”

“இருக்கலாம்னா? நிச்சயமாச் சொல்லுவியா?”

“முடியாது. இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம்.”

அந்த ‘இருக்கலாம்’ என்ற ஒரு சொல்லைக்கூட அன்று அம்மாவுக்கு யாரும் கொடுக்கவில்லை. கொடுத்திருந்தால் மூன்று மாதப் பேச்சில் பாதியாவது குறைந்திருக்கும். அவள் இதைச் சொல்ல வாயெடுப்பதற்குள் அம்மா டப்பாவை அழுத்தி மூடினாள்.

“இந்த இடம் நமக்குச் சோறு போட்டுச்சு. உன்னைப் படிக்க வெச்சுது. அது என் வயித்தைக் கெடுத்துச்சுன்னு இப்ப வந்து சொல்லாதே. நாளைக்கும் நான் இந்தத் தரையைத்தான் துடைக்கணும். தெரியாம துடைச்சேன், நல்லா இருந்தேன். தெரிஞ்சு எப்படிடி துடைக்கறது?”

அம்மா எழுந்து போய்விட்டாள். வீட்டில் அன்று அம்மா தட்டை அவள் முன்னால் வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். அப்பா டி.வி. சத்தத்தைக் கூட்டிக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை காலை ஆறு மணிக்கு அவள் கீழே மெஷினைப் போடவில்லை. ரெஜிஸ்டரை எடுத்து இரண்டு குப்பிகளையும் எழுதினாள். எந்தத் தட்டு, எந்த நிறம், எந்த லோடு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். அதன் பிறகு மேலே போய் வார்டுக்குள் நுழைந்தாள். மூன்று வருஷம் வேலை பார்த்த கட்டடத்தில் வார்டு எந்தப் பக்கம் என்று ஒரு காவலாளியிடம் கேட்க வேண்டியிருந்தது.

முதல் கட்டிலில் குடலிறக்கத்துக்கு ஆபரேஷன் செய்த லாரி டிரைவர். எழுப்பிச் சொன்னாள். மனப்பாடம் செய்து வைத்திருந்ததைச் சொன்னாள்: உங்க ஆபரேஷன் சாமான் சரியா வேகாம வந்திருக்கு. மருந்து குடுத்திருக்காங்க, ஒண்ணும் ஆகாமப் போகலாம். காய்ச்சல் வந்தாலோ, தையல் சிவந்தாலோ, கசிஞ்சாலோ உடனே வாங்க. வந்து, தண்ணி படலைன்னு சொல்லுங்க. தப்பு எங்க பக்கம்.

டிரைவர் கொட்டாவியைப் பாதியில் நிறுத்தினார். “இதை ஏம்மா எங்கிட்ட சொன்னே? நிம்மதியாத் தூங்கிட்டு இருந்தேன்ல?”

இரண்டாவது கட்டில் தையல்காரம்மா, எழுதிக் கொடுக்கச் சொன்னார். எழுதிக் கொடுத்தாள். மூன்றாமவர் பாதியிலேயே அவள் கையை உதறி, டாக்டரைக் கூப்பிடச் சொல்லிக் கத்தினார். நாலாமவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். ஐந்தாவது ஒரு சின்னப் பெண். அவளுக்குப் பதிலாக அவள் புருஷன் கேட்டுக்கொண்டான். கேட்டு முடித்ததும், “சரி, நீங்க போங்க” என்றான், கடன் கேட்டு வந்தவளை அனுப்புவதுபோல. யாராவது ஒருவர் நன்றி சொல்வார்கள் என்று அவள் நினைத்திருந்தாள். நினைத்தது அப்போதுதான் அவளுக்கே தெரிந்தது. வெட்கமாக இருந்தது.

ஆறாவது கட்டிலில் ரிட்டையர்டு வாத்தியார். கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு அமைதியாகக் கேட்டார். “உன் பேரு என்னம்மா?”

சொன்னாள். மூன்று வருஷத்தில் அந்தக் கட்டடத்தில் அவள் பெயரைக் கேட்ட முதல் ஆள் அவர். ஒரு எழுத்து விடாமல் குறித்துக்கொண்டார், புகாரில் போடுவதற்காக.

பத்து மணிக்குக் கண்காணிப்பாளர் அறையில் மூன்று பேர் இருந்தார்கள். மேஜைக்குப் பின்னால் கண்காணிப்பாளர், பக்கத்தில் சர்ஜன், ஜன்னலோரம் பெரிய சிஸ்டர். காலை ரவுண்ட்ஸுக்கு இன்னும் யாரும் போகாததால் வார்டு செய்தி அங்கே எட்டவில்லை. எல்லோர் முகமும் அவ்வளவு கனிவாக இருந்தது.

“உட்காரும்மா” என்றார் கண்காணிப்பாளர். உட்காரச் சொன்னதே பெரிய மரியாதைதான். “உன்னை மாதிரி பொண்ணுங்கதான் எங்களுக்கு வேணும். புது மெஷினுக்கு ஏற்பாடு பண்ணியாச்சு, மூணு மாசத்துல வந்துடும். உன் வேலையை நிரந்தரமாக்கவும் எழுதியிருக்கேன். இதுல ஒரு கையெழுத்து மட்டும் வேணும்.”

தாளில் நாலே வரி இருந்தது. குப்பி தவறான இடத்தில் வைக்கப்பட்டதால் தவறான முடிவு வந்தது. நோயாளிகளுக்குத் தெரிவிக்க வேண்டிய அவசியம் எழவில்லை.

புது மெஷின். அவள் அதற்கு ஆசைப்படாமல் இல்லை. வேலை நிரந்தரம் என்ற சொல்லுக்காக அம்மா எத்தனை கோவில் படி ஏறினாள் என்பதும் அவளுக்குத் தெரியும். தாளை இரண்டு தடவை படித்தாள். மேஜையிலேயே வைத்தாள்.

“குப்பியைச் சரியான இடத்துலதான் சார் வெச்சேன். ரெஜிஸ்டர்ல எழுதிட்டேன்.”

“அதை அடிச்சுடலாம்.”

“ஆறு பேருக்கும் சொல்லிட்டேன்.”

கண்காணிப்பாளர் கையிலிருந்த பேனாவை மேஜைமேல் வைத்தார்.

“எப்போ?”

“காலைல ஆறு மணிக்கு.”

“யாரைக் கேட்டுச் சொன்னே?” கண்காணிப்பாளரின் கனிவு போன இடம் தெரியவில்லை. “நீ யாரு சொல்றதுக்கு? உன் வேலை என்ன, உன் இடம் என்ன?”

“மூட்டை கட்டினது நான் சார். வேற யாரு சொல்லுவா?”

சர்ஜன் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். “இனிமே அவங்க முகத்துல நான் எப்படி முழிக்கறது?”

“நேரா பாருங்க சார். கொஞ்சம் திட்டுவாங்க. என்னையும் திட்டினாங்க.”

ஜன்னலோரம் பெரிய சிஸ்டர் முந்தானையால் மூக்குக் கண்ணாடியைத் துடைத்தார். மறுபடி துடைத்தார். அவரிடம் ஏதாவது சொல்ல வேண்டும்போல் இருந்தது அவளுக்கு. இருபது வருஷம் என்று அவர் சொன்னபோது சொல்லியிருக்கலாம்.

“நல்லா யோசிச்சுக்கோ” என்றார் கண்காணிப்பாளர். “கையெழுத்து இல்லாம இந்தக் கதவைத் தாண்டினா உள்ளே வர இன்னொரு கதவு இல்லை. உங்கம்மாவும் இங்கதான் வேலை பாக்கறாங்க, ஞாபகம் இருக்கில்ல?”

“இருக்கு சார். எங்கம்மாவுக்கும் இதுக்கும் சம்பந்தமில்லை. அவங்க கையெழுத்துப் போடத்தான் சொன்னாங்க.” கீழ்த்தள அறைச் சாவியை எடுத்துத் தாளின்மேல் வைத்தாள். “யோசிச்சுட்டுத்தான் சார் வந்தேன்.”

நாற்காலியைச் சத்தமில்லாமல் உள்ளே தள்ளிவிட்டு வெளியே வந்தாள். நடையின் கோடியில் அம்மா தரை துடைக்கும் துணியை முறுக்கிப் பிழிந்துகொண்டிருந்தாள். இவள் வருவது அவளுக்குத் தெரிந்தது. குனிந்த தலை நிமிரவில்லை. ஈரத்தரையின் ஓரமாகச் சுவரை ஒட்டி நடந்து, அம்மாவைக் கடந்து, படியிறங்கி, பதினோரு மணிக்காகக் காத்திருந்த ஆறு பேரின் உறவுக்காரர்கள் நடுவே வழி கேட்டு விலக்கிக்கொண்டு, அவள் வெயிலுக்குப் போனாள்.